லிஃப்ட் போட்ட பழைய ஃபோர் வீல் வண்டியும் முன் சக்கர அலைன்மென்ட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் செகாம்புட் பக்கம் ஒரு டயர் கடையில் பல வருடங்கள் அலைன்மென்ட் பார்த்திருக்கிறேன். பழைய பஜேரோ, 80 சீரிஸ் லேண்ட் குரூசர், ட்ரூப்பர், ஜிம்னி என்று உயரம் ஏற்றிய வண்டியோடு வருகிறவர்கள் கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்களைத்தான் கேட்பார்கள். இப்போதும் யாராவது ரவூப் டுரியான் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்து, "அண்ணே, ஸ்டீயரிங் ஒரு மாதிரி இருக்கு" என்று இரவில் செய்தி அனுப்புவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்தால் பலருக்கும் உதவும் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணே, அலைன்மென்ட்னா சக்கரத்தை நேரா வைக்கிறதுதானே? அதுல எதுக்கு மூணு கோணம்?

மூன்றும் மூன்று வேலை செய்கின்றன. முதலாவது டோ. மேலிருந்து பார்க்கும்போது இரண்டு முன் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே திரும்பியிருக்கிறதா, வெளியே விரிந்திருக்கிறதா என்பதுதான் அது. நாம் நிற்கும்போது கால் விரல்கள் உள்ளே பார்ப்பதும் வெளியே பார்ப்பதும் போல. இரண்டாவது கேம்பர். வண்டிக்கு எதிரே நின்று பார்த்தால் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்கிறதா, வெளியே சாய்கிறதா என்பது தெரியும்.

மூன்றாவதான காஸ்டரைக் கண்ணால் பார்ப்பது கஷ்டம். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ, அந்த அச்சின் மேல்முனை பின்பக்கமாக எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதே காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருக்கிறதே, அதே சங்கதிதான். வளைவில் திருப்பிவிட்டுக் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவது பெரும்பாலும் இதனால்தான். டோ தவறினால் டயர் சீக்கிரம் தேயும். காஸ்டர் குறைந்தால் வேகத்தில் வண்டி நிலையாக ஓடாது. உயரம் ஏற்றிய வண்டியில் பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விடுவது இந்தக் காஸ்டரைத்தான். கீழே வரும் பல பதில்களில் இதையே திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

வண்டியைத்தானே தூக்கினேன், சக்கரத்தைத் தொடவே இல்லையே. கோணம் ஏன் மாறுது?

சக்கரம் தரையிலேயே இருக்கிறது, சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், மட்டும் மேலே போகிறது. இரண்டையும் இணைக்கும் ஆர்ம்களும் ராடுகளும் ஒரு முனையில் சேஸிஸில் மாட்டியிருப்பதால் எல்லாமே புதிய சாய்வுக்கு வந்துவிடுகின்றன. என்ன மாறும் என்பது முன்பக்க அமைப்பைப் பொறுத்தது.

இரண்டாம் தலைமுறை பஜேரோ, பழைய ட்ரூப்பர், 90 சீரிஸ் பிராடோ, 100 சீரிஸ் லேண்ட் குரூசர் போன்றவற்றில் இரண்டு முன் சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம். இவற்றைத் தூக்கினால் மூன்று கோணமுமே நகரும். கேம்பர் உள்ளே போகுமா வெளியே போகுமா என்பது ஆர்ம்களின் நீளத்தையும் அவை முதலில் இருந்த சாய்வையும் பொறுத்தது. அதனால் "தூக்கினா கேம்பர் இந்தப் பக்கம்தான் போகும்" என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள், அளந்து பாருங்கள்.

80 சீரிஸ் லேண்ட் குரூசர், நிசான் பேட்ரோல், டிஃபெண்டர், காயில் ஸ்பிரிங் உள்ள பழைய ஜிம்னி ஆகியவற்றில் முன்பக்கம் ஒரே முழு ஆக்சில். இவற்றைத் தூக்கினால் கேம்பர் மாறாது. ஆனால் ஆக்சிலைச் சேஸிஸோடு இணைக்கும் ரேடியஸ் ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்வதால் ஆக்சில் முன்பக்கமாக உருண்டு காஸ்டர் குறைகிறது. உத்தேசமாக ஒரு இஞ்சுக்கு ஒரு டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் இருந்ததே 3 டிகிரி அளவுதான் என்றால், இரண்டு இஞ்ச் ஏற்றியபின் மிச்சம் என்ன இருக்கும் என்று நீங்களே பாருங்கள்.

என் வண்டி எந்த வகைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முன்னால் குனிந்து பாருங்கள். இடது சக்கரத்திலிருந்து வலது சக்கரம் வரை ஒரே கனமான இரும்புக் குழாய் போனால் முழு ஆக்சில். நடுவில் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு நின்று, இரண்டு பக்கமும் ரப்பர் பூட் போட்ட மெல்லிய ஷாஃப்ட் போனால் தனி சஸ்பென்ஷன். பாகம் கேட்பதற்கு முன் இது தெரிந்திருக்க வேண்டும்.

மிஷின்ல எல்லாம் பச்சையா காட்டுது. பிரிண்ட் கூட கொடுத்தாங்க. ஆனா ஹைவேல ஸ்டீயரிங் மிதக்குது. மிஷின் கெட்டுப்போச்சா?

மிஷின் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதற்கு என்ன கொடுத்தார்கள், அதில் எதை அளந்தார்கள் என்பதுதான் விஷயம். காஸ்டரை அளக்க வேண்டுமானால் முன் சக்கரத்தைச் சுழலும் தட்டின் மேல் நிறுத்தி, இடமும் வலமும் குறிப்பிட்ட அளவு திருப்பிக் காட்ட வேண்டும். அவசரத்தில் பல கடைகளில் அதை விட்டுவிட்டு டோவை மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுகிறார்கள். பிரிண்டில் காஸ்டர் கட்டம் காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காலியாக இருந்தால் உங்கள் பிரச்சினையை யாரும் இன்னும் பார்க்கவே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அலைன்மென்ட் மேடையில் வண்டி அசையாமல் நிற்கிறது. தேய்ந்த பால் ஜாயிண்ட்டும் (ஆர்ம் நுனியின் உருண்டை மூட்டு) கிழிந்த புஷ்ஷும் (ஆர்ம் மாட்டும் இடத்து ரப்பர்) அந்த நேரத்தில் ஒரு இடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும், எண்களும் அழகாக வரும். மேடையை விட்டு இறங்கி பிரேக் மிதித்ததும் அதே புஷ் நகர்ந்து எண்கள் எல்லாம் மாறிவிடும். 2011-ல் என் சொந்த பஜேரோவில் ஒரு பிரிண்டை நம்பிப் புது டயர் இரண்டைப் போட்டு, நான்கே மாதத்தில் உள்பக்கம் நூல் தெரியும் அளவுக்குத் தேய்த்தேன். கடைசியில் பார்த்தால் லோவர் ஆர்ம் புஷ் கிழிந்திருந்தது. அன்றிலிருந்து, அடியில் படுத்துப் பார்க்காமல் எந்த வண்டியையும் நான் மேடையில் ஏற்றியதில்லை.

அப்போ அலைன்மென்ட்டுக்கு முன்னாடி எதையெல்லாம் பார்க்கணும்?

இதில் நேரம் செலவழியுங்கள், மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் பலன் அதிகம். சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டு போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங், பால் ஜாயிண்ட், முழு ஆக்சிலாக இருந்தால் சக்கரம் திரும்பும் அச்சிலுள்ள கிங்பின் பேரிங் ஆகியவற்றில் ஒன்று. யாரையாவது பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், அப்படியே இருந்தால் மற்றவை. பிறகு இடது வலதாகப் பிடித்து ஆட்டுங்கள். அதில் ஆடினால் முதலில் டை ராட் எண்டைச் (ஸ்டீயரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ராடின் நுனி மூட்டு) சந்தேகப்படலாம். தனி சஸ்பென்ஷன் வண்டியில் பால் ஜாயிண்ட்டின் மேல் ஸ்பிரிங் அழுத்தம் இருக்கும்போது ஆட்டம் மறைந்துவிடும். அதனால் லோவர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி இன்னொரு தடவை பாருங்கள்.

அடுத்தது வண்டி தரையில் இருக்கும்போது. எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க, நீங்கள் ஒவ்வொரு மூட்டிலும் கைவைத்துப் பாருங்கள். அதற்கு முன் கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை இருக்க வேண்டும். இரண்டாம் தலைமுறை பஜேரோவில் ஸ்டீயரிங் பாக்ஸுக்கு எதிர்ப்பக்கம் ராடுகளைத் தாங்கும் ஐட்லர் ஆர்மைக் கட்டாயம் பாருங்கள். அது மேலும் கீழும் ஆடினால் டோ நிலையாக நிற்கவே நிற்காது, எத்தனை தடவை காசு கொடுத்தாலும் அதே கதைதான். முழு ஆக்சில் வண்டியில், ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடின் இரண்டு முனை புஷ்ஷும் முக்கியம். ஸ்டீயரிங் பாக்ஸ் சேஸிஸில் மாட்டியிருக்கும் இடத்தில் விரிசல் இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். பெரிய டயர் போட்டு மலையேறிய வண்டியில் அந்த இடத்துக்குச் சுமை கூடுதல்.

கடைசியாக டயர் காற்று. இரண்டு முன் டயரிலும் ஒரே அளவு காற்று, ஒரே மாதிரி டயர். தினமும் பின்னால் டூல் பெட்டியும் ரூஃப் ரேக்கும் சுமந்துதான் ஓட்டுவீர்கள் என்றால் அதையெல்லாம் வண்டியிலேயே விட்டு அளக்கச் சொல்லுங்கள்.

புஷ், ஆர்ம் எல்லாம் புதுசா வாங்கணுமா? ஹாஃப் கட் கடையில மலிவா கிடைக்குதே?

ரப்பரும் உருண்டை மூட்டும் உள்ளவற்றைப் புதிதாகவே வாங்குங்கள். ஜப்பானிலிருந்து வெட்டி வரும் பழைய வண்டிப் பாதியான ஹாஃப் கட்டில் இருக்கும் புஷ்ஷுக்கும் உங்கள் வண்டி புஷ்ஷின் வயதே இருக்கலாம். ஐட்லர் ஆர்ம் பிராக்கெட், நக்கிள், வளையாத ஆர்ம் போன்ற வெறும் இரும்பாக இருந்தால் ஹாஃப் கட் பரவாயில்லை. ஆனால் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

புது ரப்பர் புஷ் போட்டதும் ஒன்றைக் கவனியுங்கள். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை முழுதாக இறுக்கக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, அதன் இயல்பான உயரத்தில் நிற்கவைத்துத்தான் கடைசி இறுக்கு. தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சில மாதத்தில் கிழியும். அவசரப்பட்ட போர்மேன்கள் (மெக்கானிக்குகள்) இதை விட்டுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நின்று சொல்லுங்கள், தவறில்லை.

வண்டி இடது பக்கமே இழுக்குது. கேம்பரா, காஸ்டரா?

இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம், மழைநீர் வடிவதற்காகச் சாலையும் இடது ஓரத்துக்குச் சரிந்திருக்கும். அதனால் இலேசாக இடது பக்கம் போவது இயல்பு. காலியான, சமமான இடம் ஒன்றைத் தேடிச் சோதியுங்கள். அங்கேயும் இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள், சுழலும் திசை குறித்த டயர் இல்லையென்றால். இழுப்பு மறுபக்கம் போய்விட்டால் டயர்தான் காரணம், அலைன்மென்ட்டுக்குக் காசு தர வேண்டாம். கொஞ்ச தூரம் ஓட்டியபின் ரிம் அருகே கையைக் கொண்டுபோங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகச் சூடாக இருந்தால் பிரேக் காலிப்பர் பிடித்திருக்கிறது.

இவையெல்லாம் இல்லை என்றால்தான் கோணம். காஸ்டர் குறைவாக உள்ள பக்கத்துக்கு வண்டி போகும். கேம்பரில், சக்கரத்தின் மேல்பகுதி வெளியே அதிகமாகச் சாய்ந்த பக்கத்துக்குப் போகும். இரண்டு பக்கத்துக்கும் இடையே அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கையில் தெரிய ஆரம்பிக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு தவறாக இருந்தால் இழுப்பே தெரியாது. அதனால் இழுக்கவில்லை என்பதற்காக எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள்.

டயர் தேயுறதைப் பார்த்தே என்ன கோளாறுன்னு சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காகத் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் போலக் கூராகவும் இருந்தால் டோ. ஒரே ஓரம் மட்டும் சமமாகத் தேய்ந்தால் கேம்பர், அல்லது மிக அதிகமான டோ. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் நிமிர்ந்திருந்தால் காற்று குறைவு. மேடு பள்ளமாக, கிண்ணம் கிண்ணமாக இருந்தால் அப்சோர்பர் செத்திருக்கிறது அல்லது எங்கோ ஆட்டம் இருக்கிறது. காஸ்டர் தவறினால் டயரில் பெரிதாக எதுவும் தெரியாது. அதை ஸ்டீயரிங்கில்தான் உணர முடியும்.

மட் டயரில் ரம்பத் தேய்மானம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், கட்டைகள் பெரியவை என்பதால். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம்.

டார்ஷன் பாரை முறுக்கினா போதும், செலவே இல்லாம ரெண்டு இஞ்ச் ஏறும்னு சொல்றாங்களே?

ஏறும். ஆனால் செலவு பின்னால் வரும். டார்ஷன் பார் என்பது சில வண்டிகளின் முன்பக்கத்தில் ஸ்பிரிங் போல வேலை செய்யும் முறுக்குக் கம்பி. அதை முறுக்குவதால் பலம் கூடுவதில்லை, ஆர்ம் உட்காரும் இடம்தான் கீழே போகிறது. அதனால் சக்கரம் இன்னும் கீழே இறங்க இடம் இல்லாமல் போகிறது. சாலையில் ஒரு பள்ளம் வந்ததும் மேல் ஆர்ம் அதன் ரப்பர் கட்டையில் போய் மோதும். "டங்" என்று சத்தம் வரும், வண்டி முரடாகக் குதிக்கும். டிரைவ் ஷாஃப்ட்டின் மூட்டு அதிக வளைவில் ஓடுவதால் பூட் சீக்கிரம் கிழியும். டை ராடும் சரிவாகத் தொங்கும்.

ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை இஞ்ச் வரை என்பது என் கணக்கு. அதற்கு மேல் வேண்டுமானால் மாற்று அப்பர் ஆர்ம் அல்லது டிஃபரன்ஷியலை இறக்கும் கிட் என்று முறையாகப் போக வேண்டும். வருடக்கணக்கில் சுமை தாங்கித் தொய்ந்துபோன பாரை நிறுவனம் சொன்ன பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது வேறு விஷயம், அதைத் தயங்காமல் செய்யலாம். இரண்டு பக்கமும் சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து சமமாக்குங்கள். முறுக்கிய பிறகு கொஞ்ச தூரம் ஓட்டி, ஆர்ம்கள் உட்கார்ந்தபின் மறுபடியும் அளந்து, அப்புறம்தான் அலைன்மென்ட். முதலில் அலைன்மென்ட் செய்துவிட்டு உயரத்தைத் தொட்டால் கொடுத்த காசு வீண்.

போர்மேன் "கேம் போல்ட் திரும்பல, இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு சொல்லிட்டாரு. உண்மையா?

பாதி உண்மை. 90 சீரிஸ் பிராடோ போன்ற வண்டிகளில் லோவர் ஆர்ம் போல்ட்டில் முட்டை வடிவத் தகடு இருக்கும், அதுதான் கேம் போல்ட். அதைத் திருப்பித்தான் கேம்பரும் காஸ்டரும் மாற்றப்படும். சேற்றிலும் தண்ணீரிலும் போய்வந்த பழைய வண்டியில் அந்த போல்ட் புஷ்ஷின் உள் இரும்போடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் அடித்து ஒரு நாள் ஊறவிட்டுப் பாருங்கள். அசையவில்லை என்றால் அறுத்து எடுத்து, புது போல்ட்டும் புது புஷ்ஷும் போட வேண்டியதுதான். அலைன்மென்ட் கடைக்காரர் அரை மணி நேரத்தில் செய்யக்கூடிய வேலை இல்லை அது. அதனால்தான் முடியாது என்கிறார். பட்டறையில் ஒரு நாள் விடுங்கள். புது போல்ட் போடும்போது நன்றாக கிரீஸ் தடவச் சொல்லுங்கள், அடுத்த முறை இந்தத் தொல்லை இருக்காது.

இரண்டாம் தலைமுறை பஜேரோவிலும் பழைய ட்ரூப்பரிலும் கதை வேறு. அப்பர் ஆர்முக்கும் சேஸிஸுக்கும் நடுவே வைக்கும் ஷிம் தகடுகளால்தான் கேம்பர் மாற்ற வேண்டும். தகடு கைவசம் இல்லாத கடையில் "டோ மட்டும்தான் பண்ணலாம்" என்பார்கள். ஃபோர் வீல் வண்டிகளைப் பார்த்துப் பழகிய வேறு கடைக்குப் போங்கள்.

போல்ட் திரும்புகிறது, தகடும் இருக்கிறது, ஆனாலும் எண் வரவில்லை என்றால் உயரம் அதன் எல்லையைத் தாண்டிவிட்டது. உயரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், அல்லது மேலே சொன்ன மாற்று அப்பர் ஆர்ம் போடலாம். மூன்றாவது வழி எனக்குத் தெரிந்து இல்லை.

80 சீரிஸ்ல காஸ்டர் போச்சுன்னு சொல்றீங்க. திரும்பக் கொண்டுவர என்ன வழி?

ரேடியஸ் ஆர்முக்கும் ஆக்சிலுக்கும் உள்ள உறவை மாற்ற வேண்டும். இரண்டு இஞ்ச் வரை என்றால் துளை நடுவில் இல்லாமல் ஓரம் தள்ளிய காஸ்டர் புஷ் போதும். அதற்கு மேல் என்றால் ஆக்சிலில் ஆர்ம் மாட்டும் இடத்தை மாற்றும் காஸ்டர் பிளேட், அல்லது சேஸிஸில் ஆர்ம் மாட்டும் இடத்தையே இறக்கும் பிராக்கெட். இறக்கும் பிராக்கெட் போட்டால் ஆர்ம் பழைய சாய்வுக்குத் திரும்புவதால் ஓட்டவும் நன்றாக இருக்கும். ஆனால் அது காட்டில் கல்லில் தட்டும். பேட்ரோலுக்கும் ஜிம்னிக்கும் இதே வழிகள்தான்.

காஸ்டரை ஏற்ற ஆக்சிலை உருட்டும்போது டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே போகும், அதற்கு விசை கொண்டுவரும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் வளைவு கூடும். 80 சீரிஸின் பெரும்பாலான மாடல்களில் நான்கு சக்கரமும் எப்போதும் இழுப்பதால் அந்த ஷாஃப்ட்டும் எப்போதும் சுமையோடு சுழலும். புது அதிர்வு வந்தால் அலைன்மென்ட் கெட்டுவிட்டது என்று நினைக்காமல் அங்கே பாருங்கள். பேராசைப்பட்டு அதிகப்படியாகக் காஸ்டர் வைக்கவும் வேண்டாம். நிறுவனம் சொன்ன அளவுக்குத் திரும்பினாலே போதும்.

காராக் ஹைவேல ஒரு ரோடு ஜாயிண்ட்ல ஏறினதும் முன்பக்கமே படபடன்னு உதறுச்சு. ஸ்டீயரிங்கைப் பிடிக்கவே முடியல. டேம்பர் மாத்தினா சரியாகுமா?

முதலில் உயிர் விஷயம். அப்படி உதறினால் பிரேக்கை அடித்து மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை இறுக்கமாக, ஆனால் எதிர்த்துச் சண்டை போடாமல் பிடித்து, வேகம் குறைந்ததும் அவசரப் பாதையில் ஒதுங்குங்கள். கட்டை விரலை ஸ்டீயரிங் கம்பிகளுக்கு உள்ளே விடாதீர்கள்.

முழு ஆக்சில் வண்டிகளில் வரும் இந்த உதறலுக்கு ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது. எங்கோ ஒரு ஆட்டம், அதைக் கிளப்பும் ஒரு அடி, இரண்டும் சேர வேண்டும். பான்ஹார்ட் புஷ், கிங்பின் பேரிங், வீல் பேரிங், டை ராட் எண்டு, பேலன்ஸ் தவறிய கனமான டயர் என்று வரிசையாகப் பாருங்கள். முறை, மேலே அலைன்மென்ட்டுக்கு முன் பார்க்கச் சொன்னதேதான். ஜிம்னி என்றால் கிங்பின் பேரிங்கிலிருந்து ஆரம்பியுங்கள். ஸ்டீயரிங் அதிர்வைத் தணிக்கும் டேம்பர் உதறலை மூடி மறைக்கும், தீர்க்காது. புது டேம்பர் போட்டதும் சரியாகிவிட்டதாகத் தோன்றும். அதற்கடியில் அந்த மூட்டு தேய்ந்துகொண்டே இருக்கும். குடும்பத்தோடு கெந்திங் மலை ஏறும் வண்டியில் இதை ஒத்திப்போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ரோடு சரியில்லாத இடத்துல, ஸ்டீயரிங்கை நேரா பிடிச்சாலும் வண்டி தானா அங்கயும் இங்கயும் போகுது. இதுவும் காஸ்டரா?

சமமான சாலையிலும் மிதந்தால் காஸ்டர். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது மட்டும் திசை மாறினால், சக்கரம் ஏறி இறங்குவதே டோவை மாற்றுகிறது என்று அர்த்தம். தனி சஸ்பென்ஷன் வண்டியில் டை ராடும் லோவர் ஆர்மும் ஏறக்குறைய ஒரே சாய்வில் இருக்க வேண்டும். தூக்கியபின் அந்த ஒற்றுமை கெட்டிருக்கலாம்.

முழு ஆக்சிலில் பான்ஹார்ட் ராடும் ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வரும் டிராக் லிங்க்கும் இணைகோடாக இருக்க வேண்டும். முன்னால் நின்று ஒரு படம் எடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஆக்சில் ஒரு பக்கம் தள்ளி நிற்கிறது என்று பான்ஹார்ட்டின் பிராக்கெட்டை மட்டும் இடம் மாற்றிவிடுவார்கள். டிராக் லிங்க் பழைய சாய்விலேயே இருக்கும், வண்டி முன்பைவிட மோசமாக ஓடும். ஆக்சிலை நடுவுக்குக் கொண்டுவர, நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராட் போடுவதே மேல். அதில் சாய்வு பெரிதாக மாறாது.

வண்டி நேரா போகுது, ஆனா ஸ்டீயரிங் வீல் மட்டும் கோணலா நிக்குது. கழற்றி நேரா மாட்டிடலாமா?

வேண்டாம். ஸ்டீயரிங் பாக்ஸுக்கு ஒரு நடுப்புள்ளி உண்டு. வீலை மட்டும் கழற்றி மாட்டினால் பாக்ஸ் நடுவில் இல்லாமலேயே ஓடும், ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். சில மாடல்களில் ஏர்பேக்கும் இருக்கும், அதைத் தொடவே தொடாதீர்கள். முழு ஆக்சில் வண்டியில் டிராக் லிங்க்கின் நீளத்தை மாற்றினால் போதும், டோ மாறாது. தனி சஸ்பென்ஷனில் இரண்டு பக்க டை ராடையும் ஒரே அளவு, ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைத்துச் சரிசெய்வார்கள். அலைன்மென்ட்டின் போதே ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டச் சொன்னால் இந்தப் பிரச்சினை வராது.

33 இஞ்ச் டயர், ஸ்பேசர் போட்ட பிறகு சின்னக் குழி கூட கையில அடிக்குது. அலைன்மென்ட் பண்ணா போகுமா?

போகாது. ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே வைத்த ஸ்பேசரால் சக்கரம் வெளியே தள்ளிப்போனதால், அது திரும்பும் அச்சுக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம் கூடிவிட்டது. குழியின் அடிக்கு இப்போது நெம்புகோல் நீளம் அதிகம். வீல் பேரிங்குக்கும் பால் ஜாயிண்ட்டுக்கும் சுமை கூடியிருக்கிறது. ஸ்பேசரைக் கழற்றி, சரியான ஆஃப்செட் உள்ள ரிம் போடுங்கள்.

வீட்டிலேயே டோ பார்க்க முடியுமா? கடைக்குப் போற அளவுக்குக் கூட வண்டி ஓடல.

முடியும், நம்பகமாகவே முடியும். முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே டயரின் நடுவில் ஆணி நுனியால் ஒரு மெல்லிய கோடு போடுங்கள். இரண்டு பக்கமும் முடிந்ததும் இறக்கி, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, வண்டியைச் சில மீட்டர் முன்னால் தள்ளி நிறுத்துங்கள். ஆக்சில் உயரத்தில் டயரின் முன்பக்கம் இரண்டு கோட்டுக்கும் இடையே டேப்பால் அளந்து எழுதுங்கள், பிறகு பின்பக்கம். முன் அளவு சிறியதாக இருந்தால் டோ உள்ளே. 31 இஞ்ச் டயரில் 3 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் மொத்தமாக 0.2 டிகிரி போல; 14 மில்லிமீட்டர் போனால் ஒரு டிகிரி, அது டயரைத் தின்றுவிடும். உங்கள் மாடலின் சரியான எண் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். காஸ்டரையும் கேம்பரையும் சரிபார்க்கக் கடைக்குத்தான் போக வேண்டும்.

ஃபோர் வீல்ல போட்டதும் ஸ்டீயரிங் இறுகுது, டயர் கீச்சுன்னு கத்துது. அலைன்மென்ட்தானே?

இல்லை. தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும் பார்ட் டைம் அமைப்புள்ள வண்டியில் ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் பூட்டிக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலை வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும், ஆனால் ஓட விடாது. அந்த இறுக்கம்தான் கையில் தெரிகிறது. மழை, சேறு, மணலுக்கு மட்டும் அதைப் போடுங்கள். சூப்பர் செலக்ட் உள்ள பஜேரோவில் நடு டிஃபரன்ஷியல் பூட்டாத நிலையில் தார்ச்சாலையிலும் ஓட்டலாம்.

இந்த மாற்றமெல்லாம் ஜேபிஜே ஒத்துக்குமா? புஸ்பாகோம்ல என்ன பார்ப்பாங்க?

வண்டியின் அமைப்பை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே ஒப்புதல் வேண்டும். தூக்குவதற்கு முன்பே அவர்களிடம் கேட்டுவிடுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள், விபத்துக்குப் பிறகு வாதாடுவதைவிட அது சுலபம். வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பாகோமின் முழுச் சோதனையில் சைடு ஸ்லிப் தட்டு ஒன்று உண்டு. வண்டி அதன்மேல் போகும்போது சக்கரம் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளுகிறது என்று அளக்கும். அது முக்கியமாக டோவைக் காட்டும். அடியில் நின்று மூட்டுகளையும் ஆட்டிப் பார்ப்பார்கள். சைடு ஸ்லிப்பில் தேறியதால் காஸ்டர் சரி என்று ஆகிவிடாது.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை அலைன்மென்ட் பண்ணணும்?

புதிதாகத் தூக்கியபின் ஒருமுறை, ஸ்பிரிங் உட்கார 1,000 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொருமுறை. அதன் பிறகு 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயரைச் சுழற்சி முறையில் மாற்றும்போது பார்த்தால் போதும். ஸ்டீயரிங் மூட்டு எதையாவது மாற்றினாலோ, மழைக்காலத்தில் தண்ணீர் மூடிய குழியில் பலமாக விழுந்தாலோ உடனே பாருங்கள்.

எல்லா பார்ட்ஸும் மாத்தியாச்சு, உயரமும் சமம். ஆனாலும் ஒரு பக்கம் மட்டும் காஸ்டர் ஒரு டிகிரி குறைவாவே நிக்குது. இனி என்ன பண்றது?

இங்கே வந்துவிட்டால் எங்கோ இரும்பு வளைந்திருக்கிறது. முழு ஆக்சில் என்றால் ஆக்சிலின் கூடே (ஹவுசிங்) முறுக்கியிருக்கலாம். அதில் கேம்பரும் தவறாக இருந்தால் பேரிங்கைச் சோதித்துவிட்டு வளைந்த ஆக்சில் கூட்டையே சந்தேகப்படுங்கள், ஏனென்றால் அந்த வகையில் கேம்பருக்கு அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. தனி சஸ்பென்ஷன் என்றால் இரண்டு பக்க லோவர் ஆர்மையும் கழற்றித் தரையில் பக்கம் பக்கமாக வையுங்கள். கண்ணுக்கே தெரியும் அளவுக்கு வளைந்த ஆர்ம்களைப் பார்த்திருக்கிறேன். உரிமையாளருக்கு அது எப்போது நடந்தது என்றே தெரியாது.

ஆர்ம் சரியாக இருந்தால் சேஸிஸ். செகண்ட் ஹேண்டாக வாங்கிய வண்டியாக இருந்தால் பழைய விபத்து ஒன்று மறைந்திருக்கலாம். சமமான சிமெண்ட் தரையில் நிறுத்தி, சேஸிஸின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உள்ள துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். வண்டியை நகர்த்திவிட்டு, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். 5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் இன்னொரு தடவை அளந்து உறுதிசெய்யுங்கள். அதே எண் திரும்ப வந்தால், சேஸிஸ் இழுக்கும் மேடை உள்ள பட்டறைக்கு அந்த எண்களை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அதுவரை வேறு பாகம் எதுவும் வாங்க வேண்டாம்.